நான்காவது வரிசை

ஆஷ்பர்னில் ஜன்னல் இல்லாத கட்டடங்களுக்கு
எண் மட்டும்தான், பெயர் கிடையாது.
அவற்றில் ஒன்றில் எனக்கு இரவுப் பணி:
குளிரைப் பார்ப்பது,
செத்த டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவது,
டெஸ்மண்டின் விசிலைப் பொறுத்துக்கொள்வது.

ஆயிரம் விசிறிகள் ஒன்றாய்ச் சுழன்றால்
ஒரு சுருதி எழும்.
ஒன்றரைக் கட்டை இருக்கும்.
முதல் வாரம் தலைவலி,
பிறகு நின்றால்தான் கேட்கும் என்ற அளவுக்குப்
பழகிப்போனது.

நேற்று அதிகாலை இரண்டு இருபதுக்கு
நீல ஜாக்கெட்டில் ஆறு பேர் வந்தார்கள்,
பூட்ஸில் பனியோடு, நீதிமன்றத் தாளோடு.
கூடவே இசைக் கம்பெனிகளின் சார்பில் ஒருவர்,
தூங்காத கண், நல்ல கோட்டு.
"நான்காவது வரிசை, முழுவதும்" என்றார்
ஓட்டலில் மேசை பிடிக்கிறவர் மாதிரி.

அங்கே யார் வாடகைக்கு இருந்தார்கள் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.
தாளில் பெயர் இருந்தது.
யார் யாரோ பாட்டைக் கொண்டுவந்து கொட்டி
யார் யாரோ அள்ளிப்போன கிடங்கு.

அதிகாரி என் அட்டையைப் படித்தார்.
சிற்றரசுவில் மூன்று முறை தடுக்கி விழுந்து
'சிட்' என்று எழுந்தார்.
சிட், நீங்களே அணைத்துவிடுங்கள்.
முறைப்படி அணைக்கவா, பிடுங்கவா?
பிடுங்கச் சொன்னார்.

முதல் அடுக்கு, இரண்டாவது, சுருதி அசையவில்லை.
பத்தாவதில் லேசாக இறங்கியது.
டெஸ்மண்ட் விசிலை நிறுத்தினான்.
பதினான்காவது கம்பி கையில் இருந்தபோது
நன்மாறன் வந்து நின்றான்.

பிளாக்ஸ்பர்க். ஈரக் கம்பளம் நாறும் இரண்டு அறை.
இணைய இணைப்பு அவன் பெயரில்.
இறக்கியது நான்.
பதினொன்றுக்குத் தொடங்கினால் விடிவதற்குள் நாற்பது பாட்டு,
கேட்பதற்கில்லை, இருப்பதற்கு.
கடிதம் அவன் பெயருக்கு வந்தது.
ஏழு பாட்டு, மூவாயிரத்து எழுநூற்றைம்பது டாலர்,
இருபது நாள் தவணை. தவறினால் வழக்கு.
வழக்கென்றால் விசா என்னவாகும் என்று
கடிதத்தில் இல்லை; அது எங்களுக்கே தெரியும்.
அந்த ஏழில் ஒன்றை நான்
பாதிக்கு மேல் கேட்டதில்லை.

அடுப்படியில் நின்று வாசித்துக் காட்டினான்.
"எவனோ நம்ம வைஃபைக்குள்ள நுழைஞ்சிருக்கான்டா."
"பாஸ்வேர்டை மாத்தணும்" என்றேன்.
மாற்றினான்.
எனக்கும் தெரியட்டும் என்று
ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டினான்.

காரை விற்றான்.
ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஓடாத ஊர் அது.
இரண்டு கையிலும் மளிகைப் பையோடு
அவன் பனியில் நடந்து வந்த ஞாயிறுகளை
நான் எண்ணவில்லை.
பதினொன்று.

கடைசிக் கம்பியையும் பிடுங்கினேன்.
மற்ற வரிசைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன,
வங்கி, ஆஸ்பத்திரி, யாரோ வளர்க்கும் பூனையின் படங்கள்.
ஆனாலும் அறை அரைக் கட்டை கீழே போயிருந்தது.
"சத்தம் மாறிவிட்டதே?" என்றார் கோட்டுக்காரர்.
அவர் ஒருவருக்குத்தான் கேட்டது.
பாட்டை நேசித்துத்தான்
இந்த வேலைக்கு வந்திருப்பாரோ என்னவோ.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது:
கைப்பற்றப்பட்ட பொருட்களோடு
உங்களுக்கு ஏதேனும் தொடர்பு உண்டா?
இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
பேனா எழுதாமல் இரண்டு முறை
அழுத்தவேண்டியிருந்தது.

நன்மாறன் இப்போது டென்வரில்.
பொங்கலுக்குப் பொங்கல் ஒரு செய்தி அனுப்புவான்.
போன வருடம் வாழ்த்துக்குப் பதில் ஒரு பாட்டு,
காசு கட்டிக் கேட்கிற செயலியின் இணைப்பு.
திறக்காமல் வைத்திருந்தேன்.

காலை ஏழு மணி, வண்டி நிறுத்துமிடம்.
கண்ணாடிப் பனி கரையட்டும் என்று
காரை ஓடவிட்டு அதைத் தொட்டேன்.
சந்தா இல்லாதவர்களுக்கு
முப்பது நொடிதான்.
மிருதங்கம் உள்ளே வரும் இடத்தில்
நின்றுவிட்டது.
மறுபடி தொட்டேன்.